இறக்கத்துக்குத் தயாராவது: மதுரையிலிருந்து கோர்சிகாவின் ஜிஆர் 20 வரை

தைப்பூசத்துக்கு மதுரையிலிருந்து பழனிக்கு நடப்பவர்கள் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரை நான்கைந்து நாளில் முடித்துவிடுகிறார்கள். அந்தக் கணக்கோடு கோர்சிகாத் தீவின் ஜிஆர் 20 மலைநடைப் பாதையைப் பார்த்தால், சுமார் 180 கிலோமீட்டர் ஒரு வாரத்து வேலை போலத் தெரியும். அதை 16 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். ஏன் என்று விளங்கிவிட்டால் தயாரிப்பில் பாதி முடிந்த மாதிரி.

வடக்கே கலென்சானா ஊர் கடல்மட்டத்திலிருந்து 275 மீட்டர். தெற்கே முடியும் கோன்கா 252 மீட்டர். நடுவில் மொத்த ஏற்றம் ஏறத்தாழ 12,000 மீட்டர். தொடக்கமும் முடிவும் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்பதால், ஏறியது முழுவதையும் இறங்கித் தீர்க்க வேண்டும். முதல் நாள் சேர வேண்டிய, நடப்பவர்கள் இரவு தங்கும் ஓர்து டி உ பியோபு குடில் சுமார் 1,520 மீட்டரில் இருக்கிறது. பழனி மலையைப் பையோடு ஒன்பது முறை ஏறுவதற்கு அது சமம். அதுவும் படிக்கட்டு கிடையாது, பாறையும் சரளையும்தான்.

ஆகவே திட்டத்தைக் கிலோமீட்டரில் போடாதீர்கள். மணிக்கணக்கில் போடுங்கள். 11, 12 கிலோ சுமையோடு இந்தப் பாறைத் தரையில் ஒரு மணி நேரத்துக்கு 300 மீட்டர் ஏற்றம், 400 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாளின் 1,300 மீட்டருக்கு நாலேகால் மணி நேரம். இடையில் சமதளம், சிறு இறக்கம், ஓய்வு எல்லாம் சேர்ந்தால் ஏழு மணி நேரம். வழிப்பலகைகளில் எழுதியிருக்கும் நேரத்தில் ஓய்வு சேராது. பழக்கம் வரும்வரை அதை 1.3 ஆல் பெருக்கிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும். நின்று இளைப்பாறினால் சரியாகிவிடும். நடையை நிறுத்த வைப்பது இறக்கம். லோண்டாவிலிருந்து விட்சவோனா போகும் கட்டத்தில் சுமார் 2,100 மீட்டர் உயரக் கணவாயிலிருந்து 920 மீட்டருக்கு ஒரே மூச்சில் இறங்க வேண்டியிருக்கிறது. அது ஒன்பதாவது நாள். அதற்குள் தொடையின் முன்தசை களைத்துப்போயிருந்தால், ஒவ்வொரு அடியின் எடையும் முழங்காலுக்குப் போய்விடும். இந்தப் பதிவில் பயிற்சி, செருமானம் (மலைநடைக் காலணி), பை எல்லாவற்றிலும் இறக்கத்தையே முதலில் வைத்திருப்பது அதனால்தான்.

மாதக் கணக்கு

குடில்களில் ஆள் இருப்பது பொதுவாக ஜூன் முதல் செப்டம்பர் வரை. ஜூன் தொடக்கத்தில் வடபகுதிக் கணவாய்களில் பனி மிச்சமிருக்கும். ஆகஸ்டில் கூட்டம், வெயில், பிற்பகல் இடிமழை மூன்றும் சேரும். மதுரையிலிருந்து போகிறவர்களுக்கு செப்டம்பர் முதல் பாதிதான் தோது. பிப்ரவரியில் பயிற்சி தொடங்கி ஆறு மாதம் முழுசாகக் கிடைக்கும். விசாவுக்கும் நெருக்கடி இல்லை.

கோர்சிகா பிரான்சைச் சேர்ந்தது, எனவே ஷெங்கன் விசா. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுக்க சென்னை போன்ற ஊரில் உள்ள விசா மையத்துக்குப் போக வேண்டும். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஒரு பொறி இருக்கிறது. விசாவுக்குப் போதுமான சாதாரண பயணக் காப்பீடுகள் பலவற்றில் மலை நடையும் மலை மீட்பும் விலக்குப் பட்டியலில் இருக்கும். பாலிசியின் விலக்குப் பக்கத்தை வரிவரியாகப் படித்து, மலை நடை எத்தனை மீட்டர் உயரம் வரை சேரும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜிஆர் 20இன் உச்சம் 2,607 மீட்டர் என்பதால் 3,000 மீட்டர் வரம்பு போதும்.

குடில் முன்பதிவுதான் தங்குமிடச் சான்றாகவும் ஆகும். பாதை போகும் இயற்கைப் பூங்காவுக்குள் கண்ட இடத்தில் கூடாரம் போடத் தடை. குடிலை ஒட்டி ஒதுக்கிய இடத்தில் மட்டும்தான் போடலாம். குடிலுக்குள் படுக்கை, அங்கேயே வாடகைக் கூடாரம், சொந்தக் கூடாரத்துக்கு இடம் என்று மூன்று வகை உண்டு. மூட்டைப்பூச்சித் தொல்லை உள்ள குடில்கள் இருப்பதால், ஒன்றரை கிலோ சுமந்தாலும் சொந்தக் கூடாரமே மேல் என்பது எங்கள் தீர்ப்பு.

விசாவில் நாள் கேட்கும்போது 16 என்று கேட்காதீர்கள். நடை 16, மழைக்கும் ஓய்வுக்கும் 2, தீவுக்குப் போகவர 4, கைக்காவல் 3, மொத்தம் 25.

மதுரையில் இறக்கத்தைத் தேடுவது

கீழக்குயில்குடி சமணர் மலையில் ஆரம்பிக்கலாம். படி ஏறி மேலே போனால் வழுவழுப்பான பாறைச் சரிவு. கால் எப்படிப் பாறையில் நிற்கிறது என்று பழக இதைவிட நல்ல இடம் ஊருக்குப் பக்கத்தில் இல்லை. விடிகாலை ஐந்தரைக்குத் தொடங்கி எட்டுக்குள் முடிக்க வேண்டும். ஏப்ரல், மே மாதத்தில் ஒன்பது மணிக்கே பாறை சுட ஆரம்பித்துவிடும். கைபேசியிலோ கடிகாரத்திலோ உயரமானி இருந்தால், அடிவாரத்திலிருந்து நீங்கள் திரும்பும் இடம் வரை எத்தனை மீட்டர் என்று ஒருமுறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதன்பிறகு வாரக்கணக்கு முழுவதும் அந்த எண்ணின் பெருக்கல்தான்.

முதல் மாதம் வாரத்துக்கு 600 மீட்டர் இறக்கம், பையில் 4 கிலோ. ஒவ்வொரு மாதமும் 300 மீட்டரும் ஒன்றரை கிலோவும் கூட்டினால் ஆறாவது மாதம் 2,100 மீட்டர், பதினொன்றரை கிலோ. அதில் பாதியாவது ஒரே நாளில் வர வேண்டும். சுமைக்குத் தண்ணீர் பாட்டில் வைப்பவர்கள் உச்சியில் தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்குவது வழக்கம். முழங்காலுக்கு நல்லது என்பார்கள். இந்த நடைக்கு அது உதவாது. சுமையோடு இறங்கும்போது தொடைத்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது. அதில் நுண்ணிய கிழிசல் விழுந்து இரண்டு நாள் வலிக்கும். ஆறிய தசை அடுத்தமுறை அதே வேலைக்கு அவ்வளவு சேதப்படாது. இந்தக் காப்பு சில வாரம் நிற்கும். எனவே சுமையோடு இறங்கிய கடைசிப் பயிற்சி, புறப்படுவதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்பு இருக்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

இறங்கும்போது காலடி சின்னதாக இருக்கட்டும். முழங்கால் லேசாக மடிந்தே இருக்க வேண்டும். காலை நேராக நீட்டிக் குதிகாலை ஊன்றினால் அடி நேரே மூட்டில் விழும். பாறைச் சரிவில் பாதம் முழுவதும் படிய வேண்டும். பயத்தில் பின்னால் சாய்கிறவர்கள்தான் வழுக்குகிறார்கள், ஏனென்றால் சாயும்போது செருமானத்தின் பிடி குதிகால் ஓரத்துக்குச் சுருங்கிவிடுகிறது.

நீண்ட நாளுக்கு சிறுமலை. 18 கொண்டை ஊசி வளைவுகளை நடந்தே ஏறி இறங்கலாம். வண்டி நடமாட்டம் தொடங்குமுன் இறங்கிவிட வேண்டும். அழகர்கோவில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை, அதற்கு மேலே ராக்காயி அம்மன் தீர்த்தம் வரை ஏறிவருவது வார நாளுக்குச் சரியாக இருக்கும்.

முழு ஒத்திகைக்கு வட்டக்கானல் – வெள்ளகவி பாதை. கொடைக்கானல் பக்கமிருந்து முதலில் செங்குத்தாக இறங்கி, களைத்த காலோடு திரும்ப ஏற வேண்டியிருப்பதால் கோர்சிகாவின் ஒரு நாளுக்கு நெருங்கி வரும். இதற்கு வனத்துறையின் இணையவழி முன்பதிவும் வழிகாட்டியும் வேண்டும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போனபிறகு விதிகள் இறுகின. காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளை மூடுகிறார்கள். அந்த மாதங்களுக்கு சமணர் மலையும் சாலையும்தான். கோர்சிகாவிலும் இதே அக்கறை உண்டு. கோடையில் காய்ந்த புதர்க்காடு ஒரு பொறிக்குப் பற்றிக்கொள்ளும். பாதை நெடுக நெருப்பு மூட்டத் தடை.

கொடைக்கானலில் ஓர் இரவு கூடாரத்தில் படுத்துப் பாருங்கள், டிசம்பர் அல்லது ஜனவரியில். பாதையின் மிக உயரமான குடிலான சியோத்துலு டி இ மோரி 1,991 மீட்டர். ஏறத்தாழ கொடைக்கானல் உயரம். செப்டம்பர் இரவில் அங்கே ஐந்து டிகிரி வரை இறங்கலாம். மதுரையில் போர்வைகூட இல்லாமல் தூங்கிப் பழகிய உடம்புக்கு, உள்ளே புகுந்து தூங்கும் உறைப்பையில் அச்சிட்ட எண்ணில் சௌகரிய வெப்பநிலையைப் பார்த்து வாங்க வேண்டும். அடியில் இருக்கும் கடைசி எல்லை எண் உயிர் பிழைக்கத்தான், தூங்குவதற்கு அல்ல.

செருமானம்

காலணியில் தவறினால் வேறு எதுவும் கைகொடுக்காது. பாத அளவை மாலையில், நடந்துவிட்டு வந்து, நடைக்கான காலுறையோடு எடுக்க வேண்டும். விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடைவெளி. இறக்கத்தில் பாதம் முன்னால் தள்ளும். இடைவெளி இல்லாவிட்டால் மூன்றாம் நாளே பெருவிரல் நகம் கறுத்துவிடும். வாங்கியபின் நூறு கிலோமீட்டராவது நடந்து பழக்கியாக வேண்டும்.

வீட்டில் இரண்டு மூன்று வருடமாகக் கிடக்கும் பழைய மலைச் செருமானத்தை எடுத்துப் போவதாக இருந்தால் முதலில் அடிப்பாகத்தைச் சோதியுங்கள். ரப்பர் சோலுக்கும் மேல்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் மெத்தை அடுக்கு பாலியூரித்தேனால் செய்ததாக இருந்தால், காற்றின் ஈரத்தில் அது மெல்ல மெல்லச் சிதைகிறது. உபயோகிக்காமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் இது நிற்காது. வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் வைத்தால் இன்னும் வேகமாக நடக்கும். கட்டைவிரல் நகத்தால் அந்த அடுக்கை அழுத்துங்கள். குழி விழுந்து மேலெழும்பினால் நல்லது. வெடிப்பு தெரிந்தாலோ, துகள் உதிர்ந்தாலோ, பிசுபிசுத்தாலோ அந்தச் செருமானம் முடிந்தது. அதை ஒட்டவே முடியாது, ஏனென்றால் பசை பிடிக்கும் பரப்பே பொடியாகிக்கொண்டிருக்கிறது.

மெத்தை அடுக்கு கெட்டியாக இருந்து, மூக்குப் பக்கம் ரப்பர் சோல் மட்டும் வாய் பிளந்திருந்தால் சரிசெய்யலாம். பிளவை முழுசாகத் திறந்து, பழைய பசையை பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். பழையதன் மேல் புதியதைப் பூசினால் பழையதோடு சேர்ந்து கழன்று வரும். 80ஆம் நம்பர் உப்புத்தாளால் இரண்டு பரப்பையும் சொரசொரப்பாக்கி, தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அரை மணி காயவிடுங்கள். பசைக்கு, செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் ரப்பர் சொல்யூஷன். நொடியில் ஒட்டும் பசை வேண்டாம். அது கண்ணாடி போல இறுகி, கால் மடங்கும் இடத்தில் விண்டுவிடும். இரண்டு பக்கமும் மெல்லிசாகப் பூசி, விரலில் ஒட்டாத பதம் வரும்வரை பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். அவசரப்பட்டு ஈரமாகவே அமுக்கினால் உள்ளே மாட்டிய கரைப்பான் வெளியேற வழியின்றிக் குமிழியாக நின்றுவிடும். மேலே ஒட்டினாற்போல் இருந்து முதல் இறக்கத்தில் பிளக்கும். இன்னொரு பூச்சு, அதே காத்திருப்பு. பிறகு நுனியிலிருந்து குதிகால் பக்கமாகக் காற்றை வெளியேற்றியபடி அமுக்கிக்கொண்டு வர வேண்டும்.

பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்தில் நீளமாக வெட்டி, இழுத்து இழுத்துச் சுற்றுங்கள். மேடு பள்ளம் பாராமல் சுற்றிலும் ஒரே மாதிரி அமுக்கம் கொடுப்பதில் அதற்கு இணை இல்லை. நிழலில் 24 மணி நேரம். அதற்குப்பிறகு தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, மெழுகு ஏற்றிய நைலான் நூலால் மூக்கைச் சுற்றி ஒரு தையல் ஓட்டி, ஊசித் துளைகளின் மேல் அதே பசையைத் தடவினால் தண்ணீர் உள்ளே போகாது. சரிசெய்த செருமானத்தில் இரண்டு சமணர் மலை இறக்கமாவது நடந்த பிறகே நம்பலாம். அந்த டியூப் துண்டில் ஒரு மீட்டர் பையில் இருக்கட்டும். வழியில் சோல் கழன்றால் அடுத்த குடில்வரை அதைக் கட்டிக்கொண்டு நடக்க முடியும்.

பாதத்தையும் கவனிக்க வேண்டும். வெறுங்காலிலும் செருப்பிலும் நடந்த குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தால், மூடிய செருமானத்தின் வியர்வையில் அது ஊறித் திறக்கும். இரண்டு மாதம் முன்பிருந்தே நுரைக்கல்லால் தேய்த்து, இரவில் வாசலீன் தடவிச் சமன்செய்ய வேண்டும். நகத்தை நடைக்கு மூன்று நாள் முன்பு நேராக வெட்டுங்கள். முந்தின நாள் வெட்டினால் முனை குத்தும். எங்கேயாவது சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். கொப்புளம் வந்தபின் ஒட்டுவதில் பயன் பாதிதான்.

பையும் பொடியும்

எடைக்கணக்கு இப்படி வரும்: கூடாரம் 1.4, உறைப்பை 0.9, பாய் 0.45, வெற்றுப் பை 1.3, துணி 1.5, மழைச்சட்டையும் கால்சட்டையும் 0.5, கைபேசி, பவர் பேங்க், தலைவிளக்கு 0.7, மருந்து 0.3, இதர 0.6. கூட்டினால் 7.65 கிலோ. அதன்மேல் தண்ணீர் 2, இரண்டு நாள் சாப்பாடு 1.3, ஊரிலிருந்து போகும் பொடி வகை 1. மொத்தம் 12 கிலோ. கடைத் தராசில் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நிறுத்துத் தாளில் எழுதினால்தான் கனம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் துணியில் இருக்கும். பவர் பேங்க் 20,000 எம்ஏஎச் என்றால் சுமார் 74 வாட்மணி. விமானத்தில் கைப்பையில்தான் போக வேண்டும். பைக்கு வெளியே மழையுறை போதாது, தோள்பட்டை வழியாக நீர் இறங்கும். உள்ளே ஒரு கனத்த பிளாஸ்டிக் பையைச் செருகி, அதற்குள் உறைப்பையையும் மாற்றுத் துணியையும் வைத்து முறுக்கிக் கட்டுங்கள்.

அடுப்பு வேண்டியதில்லை. கூடாரக்காரர்களுக்காகக் குடில்களில் எரிவாயு அடுப்பு பொதுவாக இருக்கிறது. மாலையில் வரிசை நிற்கும், ஐந்து மணிக்குள் சமைத்துவிடலாம். எரிவாயு உருளையை விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுபோக முடியாது என்பதால் சொந்த அடுப்பு எடுப்பவர்கள் தீவில் இறங்கித்தான் உருளை தேட வேண்டும். அங்கே திருகும் வகையும் சொடுக்கும் வகையும் இரண்டுமே விற்பதால், அடுப்பின் வாய்க்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்க வேண்டியிருக்கும்.

குடில்களில் பாஸ்தா, ரொட்டி, பாலாடைக்கட்டி, பதப்படுத்திய பன்றி இறைச்சி கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு மூன்றாம் நாளே நாக்கு செத்துவிடும். நாக்கு செத்தால் சாப்பாடு குறையும், சாப்பாடு குறைந்தால் ஆறாம் நாள் கால் நடுங்கும். அதற்குத்தான் அந்த ஒரு கிலோ. பருப்புப்பொடி 250 கிராம், பூண்டு மிளகாய்ப்பொடி 100, தக்காளித் தொக்கை எண்ணெய் பிழிந்து உலர்த்திய பொடி 100, மிச்சம் கடலை மிட்டாய். வெந்த பாஸ்தாவில் இரண்டு கரண்டி பருப்புப்பொடியும் அங்கே கிடைக்கும் ஆலிவ் எண்ணெயும் போட்டால் தொண்டையில் இறங்கும். கடலை மிட்டாயைத் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றாவிட்டால் வெல்லம் ஈரத்தை இழுத்து ஒரே கட்டியாகிவிடும். நெய், பால்பவுடர், பால்கோவா, இறைச்சி எதையும் எடுக்காதீர்கள்; ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பால், இறைச்சிப் பொருள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் அப்படியே.

தண்ணீர் குடிலுக்குக் குடில் உண்டு. இடையில் ஓடை தெரிந்தாலும் மாடும் பன்றியும் மேலே மேய்வதால் வடிகட்டியோ மாத்திரையோ வேண்டும். குளோரின் மாத்திரையில் எத்தனை லிட்டருக்கு என்று பார்த்து வாங்குங்கள். குடத்துக்கானதை ஒரு லிட்டர் பாட்டிலில் போட்டால் வாயில் வைக்க முடியாது. தெற்கே பிராத்தியிலிருந்து உஷியோலு போகும் முகட்டுக் கட்டத்தில் மூன்று லிட்டரோடு புறப்பட வேண்டும். அங்கே காற்றும் பலமாக அடிக்கும்.

வழியும் வானமும்

பாறையில் வெள்ளை மேல், சிவப்பு கீழ் என்று இரட்டைக் கோடு போட்டிருப்பார்கள். வெள்ளையும் சிவப்பும் பெருக்கல் குறியாக இருந்தால் அது தவறான வழி. மஞ்சள் கோடு கிளைப்பாதை. பத்து நிமிடம் குறியே தென்படாவிட்டால் கடைசியாகப் பார்த்த குறிக்குத் திரும்பிவிட வேண்டும்.

கரோட்ஸு குடிலைத் தாண்டியதும் ஸ்பசிமாத்தா தொங்குபாலம், அதையடுத்து சங்கிலி பதித்த பாறைச் சரிவு. கைத்தடிகளை மடித்துப் பையில் கட்டிவிட்டு, இரண்டு கையும் வெறுமையாக வைத்துக்கொண்டு ஏற வேண்டும். மழை பெய்தால் இந்தப் பாறை சோப்பு போட்ட திண்ணை மாதிரி; காயும்வரை குடிலிலேயே இருங்கள். அடுத்த கட்டமான ஆஸ்கோ – திகியேத்துதான் மொத்தப் பாதையிலும் கனமானது. முன்பு அது சிர்க் டி லா சொலிடியூட் என்ற பள்ளத்தின் வழியே சங்கிலியும் ஏணியும் பிடித்துப் போயிற்று. 2015 ஜூன் 10 அன்று புயல்மழையில் அங்கே சரிவு ஏற்பட்டு ஏழு பேர் இறந்தார்கள். அதிலிருந்து பாதை 2,607 மீட்டர் உயரமுள்ள புவான்ட் டெ ஸெபூலி வழியே திருப்பப்பட்டிருக்கிறது. பழைய நூல்களிலும் பழைய வரைபடக் கோப்புகளிலும் பழைய வழியே இருக்கும், கைபேசியில் ஏற்றும் தடத்தில் புதிய வழி இருக்கிறதா என்று சரிபாருங்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் இடி தொடங்குமுன் உச்சியைத் தாண்டலாம். 2022 ஆகஸ்ட் 18 காலையில் தீவை அடித்த புயலில் காற்று மணிக்கு 220 கிலோமீட்டரைத் தாண்டியது. குடில் பொறுப்பாளரிடம் முந்தின மாலையே வானிலை கேட்காமல் எந்தக் கட்டத்துக்கும் புறப்படக் கூடாது. அவசர எண் 112.

விலகி இறங்கும் இடங்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆஸ்கோவில் சாலை, வெர்ஜியோக் கணவாயில் சாலை, விட்சவோனாவில் ரயில், வெர்தியில் சாலை, பவெல்லாவில் சாலை. விட்சவோனா ரயில் அஜாக்சியோவுக்கும் பாஸ்டியாவுக்கும் போகும். பதினாறு நாள் விடுப்பு கிடைக்காதவர்கள் வடபாதியை முடித்துக்கொண்டு அங்கிருந்தே திரும்புவதில் எந்தக் குறையும் இல்லை; கடினமான பாதி அதுதான்.

ரொக்கத்தைக் கலென்சானாவுக்குப் பக்கத்து ஊரான கால்வியிலேயே எடுத்துவிட வேண்டும், மலைக்குள் பண இயந்திரம் கிடையாது. முடியும் ஊரான கோன்காவிலிருந்து கடற்கரைச் சாலையில் இருக்கும் சாந்த் லூசிக்குச் சிற்றுந்தில் இறங்கி, அங்கிருந்து பேருந்து பிடிக்க வேண்டும். அந்தச் சிற்றுந்தும் பேருந்தும் ஒன்றுக்கொன்று காத்திருக்காது. கோன்கா சேரும் நாளுக்கும் விமான நாளுக்கும் நடுவே ஓர் இரவு விட்டு டிக்கெட் எடுங்கள்.